கனவுக்கு உரிமம்

பில்டாவின் செத்துப்போன புருஷன் விடியற்காலைக் கனவில் வந்து உப்பு கேட்டிருக்கிறான். சந்தைக்குப் போகிற வழியில், காய்கறிக் கூடையின் பட்டையை நெற்றியிலிருந்து கழற்றக்கூடச் செய்யாமல், ஸ்கெம்லினின் டீக்கடை வாசலில் நின்றபடியே அவள் அதைச் சொல்லிவிட்டாள்.

"சும்மா கேட்டாரா, உப்பு இல்லைன்னு குறை சொன்னாரா?" என்றாள் ஸ்கெம்லின். அடுப்பில் ஜாதோ வெந்துகொண்டிருந்தது. அரிசியோடு பன்றி ரத்தமும் இஞ்சியும் சேர்ந்து வேகும் வாசனை மூடுபனிக்குள் புகுந்து, பனியே வெந்துகொண்டிருப்பதுபோல் சரிவு முழுக்க மணத்தது.

"குறைன்னு சொல்ல முடியாது காங். கையை நீட்டினாரு." காங் என்றால் அந்த ஊரில் அக்கா.

"எந்தக் கை?"

"இடது கை."

"உயிரோட இருந்தப்ப இடது கையில வாங்குவாரா?"

"செத்தாலும் வாங்கமாட்டாரு."

"இப்ப செத்துத்தானே வாங்கியிருக்காரு."

கடையில் உட்கார்ந்திருந்த டாக்சிக்காரர்கள் சிரித்தார்கள். பில்டாவும் சிரித்தாள். சிரித்தபடியே தலைத்துணியின் நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகுதான் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தாள். கனவில் அவனுக்குப் பின்னால் தண்ணீர் இருந்ததா, அது நின்றதா ஓடியதா, உப்பைக் கொடுத்தாளா, கொடுக்காமல் முழித்துக்கொண்டாளா என்று ஸ்கெம்லின் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கிறபோது கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். அப்போது யார் டீ கேட்டாலும் அவள் காதில் விழாது.

"இருபத்தேழு" என்றாள் கடைசியில். "மனசு கேக்கலேன்னா எழுபத்திரண்டுலயும் கொஞ்சம் வை."

ஷில்லாங்கில் கனவில் வந்த பாம்புக்கு ஒரு எண், பிணத்துக்கு ஒரு எண், மீனுக்கு ஒரு எண் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்கெம்லின், பாம்பு எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்பாள். அதனால்தான் மவ்லாய்ச் சரிவில் பாதிப் பேர் முகம் கழுவுவதற்கு முன் அவள் கடைக்கு வந்தார்கள். எண் வாங்கத்தான் வந்தார்கள் என்றாலும், அவ்வளவு கவனமாகத் தங்கள் பேச்சைக் கேட்க இன்னொரு ஆள் அவர்களுக்குக் கிடையாது.

மத்தியானம் மைதானத்தில் வில்லாளிகள் பிறைச் சந்திரன்போல் வளைந்து உட்கார்ந்து, நடுவில் நட்ட வைக்கோல் பொதியைப் பார்த்து அம்பு எய்வார்கள். பொதியில் தைத்த அம்புகளை எண்ணி, வருகிற எண்ணிக்கையின் கடைசி இரண்டு இலக்கம்தான் அன்றைக்கு அதிர்ஷ்டம். தீர் என்று பெயர். ஒரு சுற்று முடிந்து இன்னொரு சுற்று உண்டு. முதல் சுற்றில் தோற்றவனுக்கு அன்றைக்கே ஆறுதல். இதற்குச் சீட்டு விற்பது அப்போது குற்றம். குற்றம் என்பதால் ஸ்கெம்லின் சீட்டை அரிசி டின்னில் வைத்திருந்தாள். போலீஸ்காரர் வந்தால் ஜாதோவும் டீயும் கொடுப்பாள். போகும்போது அவர் தன் மனைவி கண்ட கனவைச் சொல்லிவிட்டுப் போவார்.

அவள் புருஷன் கோர்பார் அந்த வில்லாளிகளில் ஒருவன். காலையில் தச்சு வேலை, மத்தியானம் வில். அவன் எய்வதற்கு வெற்றிலை பாக்குக் காசுதான் வரும். வீட்டை ஓட்டியது அரிசி டின்தான். மகள் இபானை நர்சுப் படிப்பில் சேர்க்கப் பெயர் கொடுத்திருந்ததும் அந்த டின்னை நம்பித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு வாக்கில் சர்க்கார் இந்த ஆட்டத்தைச் சட்டமாக்கியது. இனி ஒளிவு மறைவு இல்லை, உரிமம் வாங்கினால் கவுண்டர் வைக்கலாம், வரி கட்டினால் போதும் என்று சேதி வந்தது. அன்றைக்கு டீக்கடையில் பெஞ்சு கொள்ளவில்லை.

"இனி போலீசுக்குச் சோறு போட வேண்டாம் காங். உங்களுக்கு லாபம்தான்" என்றான் ஒரு டாக்சிக்காரன்.

"போலீசு ஒரு தட்டு தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போவான். வரிக்கு ஏப்பமே வராதுப்பா" என்றார் மூலையில் இருந்த கல்லுடைக்கிற கிழவர்.

"அந்தப் பணத்துல ரோடு போடுவாங்களாம். பள்ளிக்கூடம் கட்டுவாங்களாம்."

"போடட்டுமே. தோத்தவன் நடந்து வீட்டுக்குப் போகவாவது நல்ல ரோடு வேணும்ல."

பில்டாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "என் புருஷன் என் கனவுல வர்றாரு. உப்பு கேக்கறாரு. அதுல சர்க்காருக்கு எப்படிப் பங்கு?"

"அவரு உயிரோட இருந்தப்ப கட்டாத வரியா இருக்கும்" என்றான் டாக்சிக்காரன். பில்டா பாக்குக் கொட்டையை அவன் மேல் எறிந்தாள்.

வரி ஆபீசிலிருந்து லாம்போக் வந்தது ஒரு தூறல் காலையில். குடையை மடக்கி வாசலில் சாய்த்து, செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே வந்த அந்த இளைஞனைப் பார்த்ததும் ஸ்கெம்லினின் கால் தானாகவே அரிசி டின்னைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளியது.

"இனி தள்ள வேண்டாம் காங்" என்று அவன் சிரித்தான். "அதைச் சொல்லத்தான் வந்தேன். இனிமே டின்னை வாசல்லயே வைக்கலாம். பச்சை பெயின்ட் அடிச்சு, நம்பர் போட்டு."

"டீ குடிக்கறியா தம்பி?"

"குடிக்கறேன். ஆனா காசு கொடுப்பேன்."

அதைக் கேட்டதும் அவளுக்குப் பயம் வந்தது. காசு கொடுத்து டீ குடிக்கிற சர்க்கார் ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவன் பொறுமையாக எல்லாம் சொன்னான். உரிமத்துக்கு முன்பணம் எவ்வளவு, விற்றதில் எவ்வளவு சர்க்காருக்கு, எந்தெந்த நாள் கட்ட வேண்டும். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியாக அவன் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஒரு விஷயம் காங். இது எங்க ஆபீசு சொல்றதில்ல. வில்லாளிங்க கிளப்பு எல்லாம் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்காங்க. இனி எய்யறவங்களுக்குத் தினக் கூலி உண்டு. ஆனா வில்லாளி இருக்கற வீட்டுல கவுண்டர் இருக்கக் கூடாது. ஜனங்க நம்பணும் பாருங்க."

"இத்தனை வருஷமா நம்பலையா?"

"நம்பினாங்க. அப்ப பணம் கொஞ்சமா இருந்துச்சு."

அவன் போன பிறகும் அவள் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் சரிவில் இறங்கி, தகரக் கூரைகளைத் தொட்டு, பைன் மரங்களுக்குள் போய் மறைந்தது. ஜாதோ அடிப்பிடித்துவிட்டது.

கோர்பார் சாயங்காலம் வந்தபோது அவள் சொன்னாள். அவன் மூங்கில் வில்லின் நாணைத் தளர்த்தி, சுவரில் அதற்கென்று அடித்த ஆணியில் மாட்டினான். எவ்வளவு களைப்பானாலும் அந்த ஒரு வேலையை மட்டும் அவன் அவசரமாகச் செய்ததில்லை.

"நான் வில்லை வச்சிடறேன்" என்றான்.

"வச்சிட்டு?"

"தச்சு வேலை இருக்கே."

"இபான் அப்பா, ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டம் இல்லைன்னா நீ கோயில்ல உட்கார்ந்துகிட்டு விரலை விரலைத் தேய்ப்பே. மத்த ஆறு நாளும் தேய்க்கறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

"அப்ப நீ கவுண்டரை விடு."

"விட்டா இபான் படிப்பு?"

அவன் கணப்புக்கு முன்னால் கையை நீட்டினான். அம்பின் வால் இறகு உரசி உரசி அவன் ஆட்காட்டி விரலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நெருப்பு வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் மட்டும் பளபளத்தது.

ஸ்கெம்லினுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் தாய்மாமனைக் கேட்காமல் தீராது. அந்த ஊர் வழக்கப்படி வீடு கடைக்குட்டி மகளான அவளுடையது. ஆனால் வீட்டைப் பற்றிய பேச்சு மாமனுடையது. ஹாஜோம் மாமா ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து, கறுப்புக் கோட்டோடு நேரே வந்தார். சபையில் மூப்பர். சூதாட்டம் பாவம் என்று மைக்கில்லாமலே மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிப் பேசுவார்.

"முன்பணத்துக்கு வீட்டைக் காட்டலாம்னு கனவு காணாதே" என்றார் உட்காரும்போதே. "இது அம்மா வழி வீடு. அம்பு பட்டு வீடு விழுந்துச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது."

"வீட்டைக் கேக்கல மாமா. என் பவழ மாலையை விக்கறேன்."

"அது உன் கழுத்து, உன் இஷ்டம்." பாக்கை மென்றார். "பாவம்னு நான் சொல்லிட்டேன். சொல்ல வேண்டியது என் கடமை. இனி வழியைச் சொல்றேன். வில்லாளி இருக்கற வீட்டுல கவுண்டர் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"கோர்பார் இந்த வீட்டுல இருக்கானா?"

கோர்பார் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

"ஆம்பளைக்கு ஏதுடா வீடு?" என்றார் மாமா. "பொறந்தப்ப அம்மா வீடு, கட்டினப்ப பொண்டாட்டி வீடு, செத்தா எலும்பு திரும்ப அம்மா வீட்டுக் கல்லறைக்கு. ஜைந்தியா மலைப் பக்கம் பாரு. புருஷன் இருட்டினதும் வருவான், விடிஞ்சதும் அக்கா வீட்டுக்குப் போயிடுவான். அங்க யாரும் கெட்டுப் போயிடல. இவன் பேரு இவன் அக்கா வீட்டுல இருக்கட்டும். துணிமணியும் வில்லும் அங்க இருக்கட்டும். ஆளு சாயங்காலம் இங்க வரட்டும். எந்தக் கிளப்பு வந்து கேக்கும்?"

இபான் கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினாள். மாமா எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "நேத்து கனவுல ஒரு வெள்ளை ஆடு பிரசங்க மேடை மேல ஏறி நின்னுச்சு. பாவத்துக்காகக் கேக்கல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு" என்றார்.

"பேசிச்சா மாமா, சும்மா நின்னுச்சா?" என்றாள் ஸ்கெம்லின்.

அப்படியாக கோர்பார் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அக்கா தெய்லின் வீட்டுக்குப் போனான். மைதானத்தை ஒட்டிய மேட்டில் வீடு. இங்கிருந்து மூன்று பாக்கு மெல்லும் தூரம். ஆணி மட்டும் சுவரில் நின்றது. இபான் அதில் தன் குடையை மாட்டிக்கொண்டாள்.

ஆரம்பத்தில் அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. இரண்டாம் சுற்று முடிந்து, பனி இறங்கும் நேரத்தில், கோர்பார் தலை வாரி, சட்டை மாற்றி, கையில் ஏதாவது கொண்டு வருவான். ஒரு நாள் ஆரஞ்சு, ஒரு நாள் இலையில் சுற்றிய ஆற்றுமீன். கல்யாணத்துக்கு முன்பு வந்த மாதிரியே வாசலில் நின்று செருமுவான். எதிர் வீட்டுப் பெண்கள் ஜன்னலைத் திறந்து, "காங் ஸ்கெம்லின், புது ஆளு நல்லா இருக்கானே! பழைய ஆளை எங்க தள்ளினீங்க?" என்பார்கள். "பழைய ஆளுக்கு வரி அதிகம்" என்று அவள் உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள். விடியலில் அவன் கிளம்பும்போது பனிக்குள் அவன் முதுகு கரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் போவதை அவள் அப்படி நின்று பார்த்ததே இல்லை.

கடை வாசலில் பச்சைத் தகரக் கூண்டு எழுந்தது. நம்பர் பலகை மாட்டினார்கள். முதல் நாள் அவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது, வெளிச்சத்தில் கொடுக்கிறோமே என்று ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. பழகியதும் வேலை அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது.

சரிவில் சீட்டு விற்ற சில்லறை ஆட்களால் முன்பணம் கட்ட முடியவில்லை. மூலைக் கல்லுடைக்கிற கிழவருக்கும் அதில் ஒரு சின்ன வருமானம் இருந்திருக்கிறது. அது போனதும் அவர் டீயைப் பாதியாக்கிக்கொண்டார். போலீஸ் பஜார் என்ற பெரிய கடைவீதியில் ஒரு பணக்காரர் மச்சினி, மருமகன், டிரைவர் பேரிலெல்லாம் கவுண்டர் வைத்தார். விட்டுப்போன வாடிக்கையெல்லாம் இவள் கூண்டுக்கு வந்து குவிந்தது. முதல் சுற்றுக்கு முன்னால் வரிசை ஜாதோ அடுப்பைத் தாண்டி ரோட்டுக்குப் போகும். தெரியாத ஊர் ஆட்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஒரு கம்பெனி கனவு எண்களைப் படம் போட்டு அச்சடித்துக் கொடுத்திருந்தது; பாம்பு, பல்லி, பல்லக்கு எல்லாம் கட்டம் கட்டமாக. அதைக் கூண்டில் மாட்டிவிட்டாள். ஜனங்கள் அதைப் பார்த்துத் தாங்களே எண்ணைச் சொன்னார்கள்.

பில்டா ஒரு நாள் வரிசையில் நின்று வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"காங், அவரு மறுபடி வந்தாரு. இந்தத் தடவை உப்பு கேக்கல. கதவைத் தட்டிட்டே இருந்தாரு. நான் எழுந்து..."

"பில்டா, கொஞ்சம் சுருக்கமா சொல்லு. பின்னாடி ஆள் நிக்கறாங்க."

சொன்ன பிறகுதான் ஸ்கெம்லினுக்குத் தன் குரல் கேட்டது. பில்டா கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"கனவைச் சுருக்கினா என்ன காங் மிஞ்சும்?" என்றாள். "பரவாயில்ல. நீங்களே ஒரு நம்பரைப் போட்டுக் கொடுங்க."

இபான் குவாஹாட்டியில் நர்சுப் படிப்பில் சேர்ந்தாள். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நாள் ஓடியது. மழைக்காலம் பிடித்துக்கொண்டது. தெய்லின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று கோர்பார் ஒரு வாரம் வரவில்லை. பிறகு அங்கே பன்றிக் கொட்டில் சரிந்தது. பிறகு தெய்லின் பிள்ளைகளுக்கு மாமன்தானே எல்லாம், ஒருத்தனுக்குக் காய்ச்சல். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். அவன் வருகிற நாட்களிலும் அவள் கணக்கைச் சரிபார்த்து, வரிக்குப் பிரித்து வைத்து முடிப்பதற்குள் அவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். ஆரஞ்சு எப்போது நின்றது என்று இருவருக்கும் நினைவில்லை.

லாம்போக் வரி வாங்க வரும்போது அண்ணன் முறை வைத்துக் கேட்டான்: "பாஹ் கோர்பார் எப்படி இருக்காரு?"

"மைதானத்துல பார்ப்பியே தம்பி. எனக்கும் நீதான் வந்து சொல்லணும்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். லாம்போக் டீயைக் குடித்துவிட்டு, அன்றைக்கும் காசு வைத்துவிட்டுப் போனான்.

மழை விட்டிருந்த ஒரு காலை, பெரிய சந்தையில் கருவாட்டுக்காரிகள் வரிசையில் ஸ்கெம்லின் குனிந்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. தெய்லின். கனத்த உடம்பு, சிவந்த உதடு, வாய் நிறையப் பாக்கு.

"என்னடி, ஆளே மெலிஞ்சுட்டே! பணம் எண்ணி எண்ணியா?"

"உங்க தம்பி சாப்பிடறாரா காங்?"

"ஓ, தின்னுவான். காலையில திங்கறதைவிடப் பேசறதுதான் அதிகம். உன் புருஷன் இவ்வளவு அழகாக் கனவு சொல்லுவான்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாதே! அடுப்படியில உட்கார்ந்து தினம் ஒண்ணு. நானும் பிள்ளைங்களும் ஸ்கூலுக்கு நேரமாறது தெரியாமக் கேட்டுக்கிட்டே இருக்கோம். நேத்து பாரு, ஒரு அம்பு விட்டானாம், அது திரும்பியே வரலையாம். தேடிக்கிட்டுப் போனா, வழியில ஒவ்வொரு வீட்டுலயும் 'இப்பதான் டீ குடிச்சிட்டுப் போச்சு, இப்பதான் போச்சு'ங்கறாங்களாம்..."

தெய்லின் குலுங்கிச் சிரித்தாள். ஸ்கெம்லினும் சிரிக்க வாயைத் திறந்தாள். கையில் எடுத்திருந்த கருவாட்டைக் கூடையில் திரும்பப் போட்டாள்.

அவள் புருஷன் கனவு காணாத ஆள் என்றே நினைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "கட்டை மாதிரித் தூங்கறேன், எனக்கேது கனவு" என்று சொல்லிவிட்டான். அவளும் விட்டுவிட்டாள். ஊரிலிருக்கிற டாக்சிக்காரன், போலீஸ்காரன் பொண்டாட்டி, சபை மூப்பர், காய்கறிக்காரி பில்டா எல்லோருடைய தூக்கத்துக்குள்ளும் போய் வந்தவளுக்கு, பக்கத்தில் படுத்திருந்தவன் எங்கே போய்விட்டு வந்தான் என்று தெரியாது.

கருவாடு வாங்காமலே திரும்பினாள். கடையைத் திறந்தாள். கூண்டில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்தாள். முதல் சுற்று நெருங்க நெருங்க வரிசை வளர்ந்தது. ஒருவன் "நாற்பத்திநாலு" என்றான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி எண்ணை விரலில் எழுதி வைத்திருந்தாள். ஸ்கெம்லின் சீட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். கூண்டின் தகரக் கதவை இறக்கினாள்.

"காங்! காங்! நேரமாச்சு, என்ன பண்றீங்க?"

"சோறு தீர்ந்துடுச்சு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"சோறு யாரு கேட்டா? நம்பர்!"

அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்தாள். மூன்று பாக்குத் தூரத்தையும் பாக்கு இல்லாமல் நடந்தாள். மூடுபனி ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. பஸ்களின் விளக்குகள் பனியில் தோன்றி, பெரிதாகி, பக்கத்தில் வந்து ஒன்றுமில்லாமல் போயின. ஒரு பள்ளிக்கூட மணி எங்கோ தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோல் அடித்தது. எதிரே வந்தவர்கள் முதலில் குரலாக வந்து, அப்புறம் ஆளாக வந்து, மறுபடி குரலாகப் போனார்கள். ஸ்கெம்லினுக்குத் தான் முழித்துக்கொண்டிருக்கிறோமா என்று ஒருமுறை சந்தேகம் வந்தது. கன்னத்தில் பனி சில்லென்று பட்டதும் தெளிந்தாள்.

எய்து முடிகிறவரை கவுண்டர்க்காரர்கள் மைதானக் கயிற்றைத் தாண்டக் கூடாது. அவள் தாண்டினாள். வில்லாளிகள் பிறை வட்டத்தில் உட்கார்ந்து அம்புகளை முன்னால் பரப்பிக்கொண்டிருந்தார்கள். கிளப் தலைவர், "யாரது? பொம்பளை! வெளியே, வெளியே!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அடையாளம் தெரிந்ததும் இன்னும் பலமாகக் கத்தினார். "காங் ஸ்கெம்லின், உங்க உரிமம் போயிடும்!"

"போகட்டும். என் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

கோர்பார் பதறி எழுந்து வந்தான். "இபானுக்கு ஏதாவது?"

"இபான் நல்லா இருக்கா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்த அம்பு கிடைச்சுதா?"

"எந்த அம்பு?"

"வீடு வீடா டீ குடிச்சிட்டுப் போனது."

கோர்பாரின் முகம் சிவந்தது. திருடிப் பிடிபட்டவன்போல் காலடிப் புல்லைப் பார்த்தான். இருவரும் கயிற்றுக்கு வெளியே, ஒரு பைன் மரத்தடிக்கு வந்தார்கள்.

"அக்கா சொல்லிட்டாளா?"

"கட்டை மாதிரித் தூங்கறவனுக்கு ஏது கனவு?"

"நான் உன்கிட்ட எப்படிச் சொல்வேன்?" என்றான் அவன். "நீ நம்பர் சொல்றவ. நான் ஒரு கனவைச் சொல்லி, உன் மனசுல ஒரு நம்பர் விழுந்து, நீ வாயே திறக்கலைன்னாலும் உன் மூஞ்சியில அது எனக்குத் தெரிஞ்சிடும். மறுநாள் இங்க உட்கார்ந்து எய்யறப்ப என் கை அந்த நம்பரைத் தேடும். இல்ல, அதுக்குப் பயந்து விலகும். ரெண்டும் தப்பு. கிளப்பு இப்பத்தான் விதி போட்டுச்சு. எனக்கு இந்த விதி கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சு."

"இத்தனை வருஷமா?"

"தினமும் இல்ல. சில நாள் கனவே வராது."

அவள் மரத்தில் சாய்ந்தாள். ஈரப் பட்டை முதுகில் குத்தியது. "ஊர்க் கனவெல்லாம் நான் கேட்டேன். உங்க அக்கா வீட்டுப் பிள்ளைங்க உன் கனவைக் கேக்குது. நான் கேக்கக் கூடாதா?"

"கவுண்டர்க்காரியா கேக்கறியா?"

"இல்ல."

"யோசிச்சுச் சொல்லு. நான் வில்லை வைக்கறேன்னு அன்னைக்கே சொன்னேன்."

"நீ வைக்கக் கூடாது. நீ வில்லை வச்சா வீட்டுல உன் உடம்பு இருக்கும், நீ இருக்கமாட்டே. நான் கூண்டை மூடினா எனக்கு ஒண்ணும் ஆகாது. கூண்டு வந்த பிறகு ஒரு கனவுகூட நான் முழுசாக் கேக்கல. இப்ப உனக்குக் கூலி வருது. நான் சோறு விப்பேன். ரெண்டு பன்னியும் கொழுத்து நிக்குது. அதுக்கு மேல துண்டு விழுந்தா மாமா கோட்டைப் பிடிச்சு இழுக்கறேன், வெள்ளாட்டு விஷயத்தைச் சபையில சொல்லிடுவேன்னு."

அவன் சிரித்துவிட்டான். மைதானத்தில் தலைவர் விசில் ஊதினார்.

"எய்யணும். போகலேன்னா இன்னைக்குக் கூலி போச்சு" என்றான். இரண்டு அடி வைத்தவன் திரும்பி, "இப்ப சொல்லமாட்டேன். நீ உரிமத்தைத் திருப்பிக் கொடு. அப்புறம் சொல்றேன்" என்றான்.

ஸ்கெம்லின் கயிற்றுக்கு வெளியே ஜனங்களோடு நின்று பார்த்தாள். ஒளித்து வைத்துச் சீட்டு விற்ற காலத்தில் அவள் மைதானத்துக்கு வந்ததில்லை; கூண்டு வந்த பிறகு வர முடியாது. அதனால் அதுவரை அவள் பார்த்ததெல்லாம் எண்ணைத்தான். அம்பைப் பார்த்ததில்லை. விசில் ஊதியதும் ஒரே நேரத்தில் அத்தனை நாண்களும் முனகின. அம்புகள் பனிக்குள் ஏறி மறைந்தன. கொஞ்ச நேரம் எங்கும் ஒன்றுமே இல்லை. பிறகு வைக்கோலில் மெத்து மெத்தென்று விழுகிற சத்தம் மட்டும், தூரத்தில் யாரோ தலையணை தட்டுவதுபோல் கேட்டது. கோர்பார் எப்போது நாணை இழுத்தான் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் தோள் அவ்வளவு சாவகாசமாக இருந்தது. என்ன எண் வந்தது என்று கேட்காமலே வீட்டுக்குப் போனாள்.

உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தபோது லாம்போக் நம்பவில்லை. "இந்தச் சரிவுலயே நல்லா ஓடற கவுண்டர் காங். இதை வாங்க பத்துப் பேர் என் வீட்டு வாசல்ல நிப்பான்."

"நிக்கட்டும். கிழவருக்குக் கிடைக்குமான்னு பாரு."

"அவரால முன்பணம் கட்ட முடியாதே."

"ஆமா" என்றாள் அவள். "அது எனக்கும் தெரியும்."

கட்டிய முன்பணத்தில் பிடித்தம் போக மிச்சம் வந்தது. பவழ மாலை வரவில்லை. அதை வாங்கியவள் கழுத்தில் அது நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டாள். பணக்காரரின் இன்னொரு மருமகன் எதிர்ச் சாரியில் கூண்டு போட்டான். ஸ்கெம்லினின் வரிசையெல்லாம் ரோட்டைத் தாண்டி அங்கே போயிற்று. இபான் எழுதியிருந்தாள், விடுதியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கிறேன் என்று. அதைப் படித்த அன்று ஸ்கெம்லின் ஒரு பன்றியை விற்றாள். செய்தது சரிதானா என்று அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தெரியவில்லை.

கோர்பாரை அழைத்துவர அவளே போனாள். தெய்லின் முணுமுணுத்துக்கொண்டே அரிசி மாப் பணியாரம் கட்டிக்கொடுத்தாள். "நல்லாக் கதை சொல்லிக்கிட்டிருந்தான். கொண்டு போறா பாரு." பிள்ளைகள் வாசலில் தொங்கிய முகத்தோடு நின்றார்கள். கோர்பார் படுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டான். வில் தோளில். ஸ்கெம்லின் துணி மூட்டையை இடுக்கிக்கொண்டாள். பகல்தான். ஆனால் பனி அப்படி இறங்கியிருந்தது. முன்னால் போகிறவன் கால் மட்டும்தான் தெரிந்தது.

ஒரு பாக்குத் தூரம் நடந்தார்கள்.

"சொல்லு" என்றாள் அவள்.

"நடக்கறப்பவா?"

"நடக்கறப்பத்தான். படுத்தா நீ தூங்கிடுவே."

அவன் படுக்கையைத் தலையில் சரிசெய்துகொண்டான். தொண்டையைச் செருமினான். "இன்னைக்குக் காலையில வந்தது. சின்னதுதான். சர்க்கார் மூடுபனிக்கு வரி போட்டிருக்கு. ஊரே பாட்டில்ல பனியைப் பிடிச்சுக்கிட்டு ஆபீசு வாசல்ல வரிசையில நிக்குது. மாமாகூடக் கோட்டுப் பையில ஒரு பாட்டில் வச்சிருக்காரு. நானும் நிக்கறேன். ஆபீசர் என் பாட்டிலை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கறாரு. பாதிதான் இருக்கு."

"வழியில சிந்திட்டியா?"

"சிந்தல. அவரும் அதான் கேட்டாரு, மீதி எங்கேன்னு. மீதி என் வீட்டுக்காரி வீட்டுல இருக்குன்னேன்."

அவள் மூட்டையை மறு கைக்கு மாற்றி இடுக்கிக்கொண்டாள். பனிக்குள் அவன் செருப்பு ஈரக் கல்லில் சரக் சரக்கென்று போய்க்கொண்டிருந்தது.

"அதுக்கு அந்த ஆபீசர் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? போய் எடுத்துட்டு வான்னாரு. முழிச்சுப் பார்த்தா நீ வாசல்ல நிக்கறே."